சம்பந்தி அம்மாவின் ஹார்ட் டிஸ்க்

மே 6

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்களை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு முழங்கால் மட்டும் தையல் மெஷினோடு சேர்ந்து முனகுகிறது. மற்றபடி குறையில்லை.

என் மகளும் உங்கள் மகனும் பிரிந்தபோது நம் இருவரையும் உட்கார வைத்து, "இனிமே ரெண்டு வீட்டுக்காரங்களும் போன் பண்ணிக்காதீங்க, பாதி சண்டை அதனாலதான் வந்துச்சு" என்றார்கள். நாமும் தலையாட்டினோம். ஆனால் கடிதம் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரொம்ப யோசித்து இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தேன்.

விஷயம் என் லேப்டாப். அது எப்படி என்னிடம் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறேன். பிள்ளைகளின் அளவு, வெட்டும் மாதிரி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. காலையில் அதை ஆன் செய்துவிட்டுக் கடையைக் கூட்டி, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, டீ குடித்து முடித்தால்தான் திரை தெளிகிறது. இப்போது உள்ளே யாரோ நகத்தால் தட்டுவது போலச் சத்தமும் வருகிறது. ரிப்பேர்க் கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்கம்மா" என்றார். புதுசின் விலை என் கையைக் கடித்துக் குதறிவிடும். இரண்டும் வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள், திறப்பது செப்டம்பரில். அதற்குள் இது கண்ணை மூடிவிட்டால் இந்த வருட ஆர்டர் போச்சு. அந்த ஆர்டர்தான் எனக்கு வருடம் முழுவதற்கும் சோறு.

கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபையே கட்டி மேய்ப்பவர் நீங்கள். கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவையோடு மேசைக்கு அடியில் போய் மைக்செட்காரரின் லேப்டாப்பைச் சரி செய்தவர். எனக்கு வேறு யாரைத் தெரியும்? பதில் போட விருப்பமில்லை என்றால் போட வேண்டாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தையல்கடைக்காரி


மே 19

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நான் கூப்பிட்டுவிட்டேன், நீங்களும் தாராளமாகக் கூப்பிடுங்கள். உறவை ரத்து செய்துகொண்டது அவர்கள் இரண்டு பேர். நம் இருவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

இங்கே நான் சுகம். உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், ஊசி மாதிரி ஒன்று அதன்மேல் தேடிக்கொண்டே இருக்கும். வயதானால் தேடுவதை மறந்துவிட்டுத் தட்ட ஆரம்பிக்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். அதில் சுற்றுவதும் இல்லை, தேடுவதும் இல்லை. புதுச் செலவு அது ஒன்றுதான். கல்லூரிக்குப் பொருள் கொடுப்பவர் அவருக்கு அடக்கமாகும் விலையிலேயே எனக்குத் தருவார். லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொன்னவரை நீங்கள் மனதுக்குள் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பழையதில் உள்ளதை அப்படியே புதியதில் இறக்க என்னிடம் இரண்டு பள்ளம் வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது, ஒரு பட்டன். அவ்வளவுதான். அதனால் டிஸ்க்கை மட்டும் கழற்றி அனுப்புங்கள். முதலில் முக்கியமானதை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாயை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், கையில் இருக்கும் மின்சாரம் போய்விடும். அடி மூடியில் சின்ன ஸ்க்ரூக்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கூலியாக எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துத் தாருங்கள். லேபில் போட்டுக்கொள்ளும் கோட்டு முழங்கையில் கிழிந்து தொங்குகிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

லேப்காரி


ஜூன் 2

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் வெந்நீர் வேலை செய்கிறது. உங்களுக்கு உடம்பு எப்படி? சுகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

நேற்று ஆபரேஷன் நடந்தது. காஜா எடுக்கும் அக்கா டார்ச் பிடித்தார். என்னிடம் பதினைந்து வருடமாகப் பட்டன் ஓட்டை போடுகிறவர், எதற்கும் அசர மாட்டார். ஆனால் மூடியைத் திறந்ததும் டார்ச்சை மறந்து தலையை உள்ளே நீட்டினார். "உள்ள ஒண்ணுமே இல்லையே, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டார். ஸ்க்ரூக்களைப் பழுப்புக் காகிதத்தில் லேப்டாப்பின் படம் போட்டு அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருக்கிறேன். வெட்டு மாதிரி போட்டுப் பழகிய கைக்கு அது பெரிய காரியமா?

காப்பி எடுக்கத்தான் பார்த்தேன். பாதியில் அது அசைவில்லாமல் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றேன். இனி தொந்தரவு செய்தால் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். ஆகவே, இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் உடம்பும் உங்களுக்கு வரும் பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

டிஸ்க்குக்குப் பஞ்சு வைத்து ஒரு பை தைத்து, பட்டன் போட்டு அனுப்பியிருக்கிறேன். தபாலில் உருட்டினாலும் அதற்கு வலிக்காது. பணமும் அனுப்பிவிட்டேன். கூடக் குறைய இருந்தால் சொல்லுங்கள்.

கோட்டுக்கு அளவு வேண்டும். உங்கள் கல்யாண ஜாக்கெட் அளவு என்னிடம் உண்டு, ஆனால் அதுவும் அந்தப் பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது. யாரையாவது எடுக்கச் சொல்லி எழுதுங்கள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம்.

தையல்கடைக்காரி


ஜூன் 20

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் பொட்டலம் பத்திரமாக வந்தது. நான் பார்த்த ஹார்ட் டிஸ்க்குகளில் உடுத்திக்கொண்டு வந்தது இது ஒன்றுதான். பையைத் திருப்பித் தர மாட்டேன், என் மூக்குக்கண்ணாடி அதில் குடியேறிவிட்டது.

காப்பி ஆகிவிட்டது. காலையில் பட்டனை அழுத்தினேன், லேபைப் பூட்டும் நேரத்தில்தான் முடிந்தது. இடையிடையே பழையது தட்டும், நிற்கும், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், மறுபடி ஓடும். கடைசி விளக்கும் பச்சையானது. மறுநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று பழையதைத் திரும்பச் செருகினால் அது எழுந்திருக்கவே இல்லை. உங்கள் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது. நல்ல ஆத்மா.

புதியதை இத்துடன் அனுப்புகிறேன். பழையது இருந்த இடத்தில் அப்படியே செருகி, உங்கள் காகிதப் படத்தைப் பார்த்து ஸ்க்ரூக்களைப் போடுங்கள். முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள்.

கோட்டு அளவுகளைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நூலகத்தில் இருக்கும் பெண் எடுத்துத் தந்தாள்.

இங்கே மழை வரும் போல வந்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

லேப்காரி


ஜூலை 1

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிப்பை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மனசு சரியில்லை.

நீங்கள் சொன்னபடி செருகினேன். ஆன் செய்தேன். நீலமாக ஒரு திரை வந்தது. பூட்டைத் திறக்கும் எண்ணைக் கொடு என்கிறது. ஆறு ஆறு எண்ணாக எட்டுக் கூட்டம் போட இடம் விட்டிருக்கிறது. என் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன், மதிக்கவே இல்லை. ரிப்பேர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, "டிஸ்க்குக்குப் பூட்டு போட்டு வச்சிருக்காங்க. டிஸ்க்க மாத்தினதும் சந்தேகப்பட்டு எண்ணக் கேக்குது. எண் இல்லாம கடவுளே வந்தாலும் தொறக்க முடியாது. யாரு செட் பண்ணிக் கொடுத்தாங்களோ அவங்களக் கேளுங்க" என்றார்.

யார் செட் செய்து கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். என் பிறந்தநாளுக்கு வாங்கி வந்து, இதே மேசையில் உட்கார்ந்து, "அத்தை, திருடன் தூக்கிட்டுப் போனாக்கூட உங்க அளவுப் புஸ்தகம் அவனுக்குக் கிடைக்காது" என்று சொன்ன பிள்ளை அவர். டிஸ்க்கைக் கழற்றும்போதே எனக்கு இது ஞாபகம் வந்தது. எழுதலாமா என்று நினைத்தேன். எழுதினால் அவரைப் பற்றிப் பேச வேண்டி வரும், உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன். என் மரியாதை என் தலையிலேயே விடிந்தது.

துணி வந்து இறங்கிவிட்டது. வெட்டத்தான் அளவு இல்லை. அவரிடம் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்கடைக்காரி


ஜூலை 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் இல்லை. தபால் தாமதமோ, நீங்கள் வெளியூரோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். காஜா அக்கா மட்டும், "நீங்க கேக்கக் கூடாதத கேட்டுட்டீங்க" என்று தினமும் ஒரு முறை சொல்கிறார்.

அப்படியானால் லேப்டாப்பை மறந்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கே போய் மறுபடி அளவெடுக்கப் பார்க்கிறேன். இப்போது விடுமுறை, பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். இந்த மாதக் கடைசிக்குள் வெட்ட ஆரம்பிக்கவில்லை என்றால் ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அது என் கவலை, நான் பட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். எண் வேண்டாம். அந்த ஒரு வரி வேண்டும்.

தையல்கடைக்காரி


ஜூலை 22

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழுக்கு நடுவே கோடு போட்டிருக்கிறது, அதை வேறு எண் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். நிதானமாக அடியுங்கள்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

லேப்காரி


ஆகஸ்ட் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இருக்கும் இடத்திலிருந்தே உங்களைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்னைவிடச் சின்னவராக இருந்தாலும் பரவாயில்லை.

திறந்துவிட்டது. எண்ணை நான் வாசிக்க, காஜா அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருப்பிச் சொல்ல, அடித்து முடித்தோம். திரை வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக இருந்தார்கள், ஒரு பிள்ளையும் குறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். அன்றைக்கே கத்தரியை எடுத்துவிட்டேன். மாதம் பிறக்கும்போது பாதித் துணி வெட்டியாகிவிட்டது. தலைமை ஆசிரியை வந்து, வெட்டிய துணியை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

லேப்டாப்பின் வேகத்தைக் கேளுங்கள். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பினால் அது தயாராக உட்கார்ந்திருக்கிறது. நான் இனி எப்போது டீ குடிப்பது என்று தெரியவில்லை. "அதே பொட்டிதானா?" என்று காஜா அக்கா அடியில் தூக்கிப் பார்த்தார்.

இப்போது இரண்டு விஷயம். துண்டுக் காகிதத்தில் இருப்பது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். இங்கே உட்கார்ந்து எனக்கு அளவுகளை எழுதித் தரும்போதும் அப்படித்தான் போடுவார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. லேப்டாப் திறந்ததும் உங்கள் கோட்டை வெட்ட உட்கார்ந்தேன். கல்யாண ஜாக்கெட் அளவு எதிரே இருந்தது. ஜூனில் நீங்கள் எழுதிய அளவைப் பக்கத்தில் வைத்தேன். நூலகத்துப் பெண் தப்பாக எடுத்துவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் தோளும் கை நீளமும் சரியாக இருக்கின்றன. எலும்பு குறையாது அல்லவா? மார்பிலும் இடுப்பிலும்தான் ஒரு பிடி உடம்பே காணோம். கடிதத்துக்குக் கடிதம் சுகம் சுகம் என்று எழுதுகிறீர்கள். டேப் பொய் சொல்லாது. என்ன ஆயிற்று உங்களுக்கு? நோயா, மனசா?

தையல்கடைக்காரி


ஆகஸ்ட் 21

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

தையல்காரியிடம் பொய் சொன்னது என் முட்டாள்தனம். நோய் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் பிரிந்தபோது நான் உங்கள் மகள் பக்கம் பேசினேன் என்று உங்களுக்குத் தெரியாது. "தப்பு உன் மேலதான்டா" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை, போனும் இல்லை. நானும் பண்ணவில்லை. சொன்னது சரி என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் சரியாகச் சொன்னதற்காகச் சோறு இறங்கிவிடுமா?

டிஸ்க்குக்குப் பூட்டு உண்டா என்று நான்தான் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். மாணவர்களிடம் அதைத்தான் முதலில் கேட்பேன். உங்களிடம் கேட்டால் "உங்க பையன்தான் போட்டார்" என்று எழுதுவீர்கள், அவனைக் கேட்க வேண்டி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் எனக்காகச் சொல்லவில்லை, நான் எனக்காகக் கேட்கவில்லை. நல்ல ஜோடி நாம்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்தபின் தினமும் போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். இரண்டாவது கடிதத்தில் எண் வேண்டாம், ஒரு வரி போதும் என்று எழுதினீர்கள் அல்லவா, அதைப் படித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. போட்டுவிட்டேன். எடுத்ததுமே, "யாருக்கு என்னம்மா?" என்றான், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். "அத்தையோட லேப்டாப் தொறக்கலடா" என்றேன். "சீருடை தைக்கிற சமயமாச்சே" என்றான்.

எண்ணைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். "ஒரு எண் தப்பினாலும் தொறக்காது, நானே வந்து எழுதித் தரேன்" என்று சாயங்காலமே வந்து நின்றான். சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். எழுதியதை மூன்று முறை சரிபார்த்தான். நான் தட்டை வைத்தேன். "நீ சாப்பிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப உக்காரு" என்றான். பிரிவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, "ஞாயித்துக்கெழம வரேன்" என்றான். வந்தான். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தான்.

நீங்கள் உங்கள் டிஸ்க்குக்கு எனக்கு நன்றி சொல்கிறீர்கள். நான் உங்களுக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் என் வீட்டில் இன்றைக்கும் ஒரு தட்டுதான்.

லேப்காரி


செப்டம்பர் 12

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு மெஷினில் உட்காரவில்லை. இப்போது தட்டு இரண்டாயிற்று என்பதே எனக்குப் போதும்.

பள்ளி திறந்துவிட்டது. தெருவில் போகிற பிள்ளைகள் எல்லாம் என் தையலைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு சட்டையும் திரும்பி வரவில்லை.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். உங்கள் கடிதங்களை லைனிங் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். மகள் சனிக்கிழமை வந்தாள். பையிலிருந்து ஒரு கட்டு ஸ்டாம்பை எடுத்து மேசையில் வைத்தாள். "தீர்ந்திருக்குமே" என்றாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "ஹார்ட் டிஸ்க்குக்குப் பட்டன் வச்சுப் பை தைக்கறப்பவே" என்றாள். பிறகு, "அத்தைக்குப் போன் பண்ணணும்னா பண்ணிக்கோம்மா" என்றாள். இன்னும் உங்களை அத்தை என்றுதான் சொல்கிறாள்.

அவள் பக்கம் நீங்கள் பேசியதை அவளிடம் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் தப்புதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் நூல்கண்டுகளை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த நூல்கண்டுகளை.

போன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். போனில் சுகமா என்றால் சுகம் என்று சொல்லி நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள். இதுவே இருக்கட்டும்.

கோட்டை அனுப்புகிறேன். நீங்கள் எழுதிய அளவில் வெட்ட எனக்குக் கை வரவில்லை. கல்யாண அளவிலேயே வெட்டினேன். இப்போதைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை தையல் போட்டுப் பிடித்திருக்கிறேன், தொளதொளவென்று இருக்காது. நூல் லேசானதுதான், நுனியை இழுத்தால் வந்துவிடும். தேறத் தேறப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தையல்கடைக்காரி


நவம்பர் 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் முழங்கால் தேவலையா? மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அத்தை சொன்னாள் என்று சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது கோட்டு பக்கவாட்டில் பிடித்தது. அவனிடம் கத்தரியைக் கேட்டேன்.

முதல் வரிசையைப் பிரித்துவிட்டேன்.

லேப்காரி